கடைக்குப் போனால் நல்லபிள்ளை

தொலைபேசி அடித்ததும் புஷ்பவள்ளி பாய்ந்து எடுப்பதில்லை. முதல் மணியில் தொண்டையைச் செருமிக்கொள்வார். இரண்டாவது மணியில் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். மூன்றாவது மணி தொடங்கும்போதுதான் ரிசீவர் காதுக்குப் போகும். "செலாமட் பாகி, வணக்கம், புஷ்பவள்ளி பேசறேன்" என்ற குரல் கேட்டதும், சண்டை போடக் கூப்பிட்டவர்கூட ஒரு கணம் தடுமாறி "குட் மார்னிங் மேடம்" என்றுவிடுவார். மாலையானால் அந்த மலாய் வணக்கத்தில் பாகி பெத்தாங் ஆகும். சுருதி மட்டும் மாறாது.

அரசாங்க மருத்துவமனை ஒன்றில் டெலிபோன் ஆப்பரேட்டராக வேலைக்குச் சேர்ந்து, அதே நாற்காலியில் ஓய்வு பெற்றவர். இடது தோள் வலது தோளைவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்கும். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு இரண்டு கைகளாலும் இணைப்புக் கொடுத்த காலத்தின் மிச்சம் அது. பெரிய டாக்டர் ஒருவரை அறுவை சிகிச்சைக் கூடத்துக்குப் பதிலாகச் சமையற்கட்டுக்கு இணைத்துவிட்ட கதையை இன்றைக்கும் சிரித்துச் சிரித்துச் சொல்வார். "அவரு கத்தி ரெடியான்னு கேட்டிருக்காரு. சமையக்காரன் வெங்காயமே நறுக்கியாச்சு டாக்டர்னு சொல்லிட்டான்."

ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியில் எனக்கு எதிர்வீடு. மகன் குடும்பத்தோடு ஜொகூரில் இருக்கிறான். தனியாக இருக்கிறாரே என்று யாரும் பரிதாபப்பட இடம் கொடுக்க மாட்டார். அவருக்கு வேலை இருக்கிறது. பார்வையற்றோர் சங்கம் ஒன்றுக்குத் தமிழ்க் கதைகளை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறார். அதிலும் கொலைக் கதைகள் மட்டும்தான். ஏன் அக்கா என்று ஒருமுறை கேட்டேன். "சாமி கதை படிக்க நெறைய பேரு இருக்காங்க தம்பி. கொலைக்குத்தான் ஆளில்ல."

அவர் பதிவு செய்யும் கோலத்தைப் பார்க்க வேண்டும். சன்னல்களை அடைப்பார். காற்றாடியை நிறுத்துவார். மேசைமேல் மடிக்கணினி, ஒலிவாங்கி, புத்தகம், ஒரு சின்ன விளக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, தன் தலையையும் சேர்த்து, ஒரு தடித்த பஞ்சுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். வெளியே ஓடும் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல் உள்ளே வராமலிருக்க அந்த ஏற்பாடு. அறைக்குள் எட்டிப் பார்த்தால் பூப்போட்ட ஒரு சிறு குன்று, டாக்டர் குரலிலும் பங்களா முதலாளி அம்மாள் குரலிலும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருக்கும். குன்றுக்குப் போவதற்கு முன் எனக்கு ஒரு போன் வரும். "தம்பி, ஒங்க வீட்டு குக்கர் இன்னும் எத்தன விசில்? முடிஞ்சதும் சொல்லுங்க. நான் ஒரு ஆள கொல்லணும்."

அவருடைய முதன்மையான ரசிகர் யூசுப். தாசேக் கெலுகோரில் இருக்கிறார். முன்பு சாப்பாட்டுக் கடை நடத்தியவர். கல்லாவில் உட்கார்ந்தபடியே துப்பறியும் கதைகளாகப் படித்துத் தள்ளியவர். சர்க்கரை நோய் முதலில் கண்களை வாங்கிக்கொண்டது, பிறகு சிறுநீரகத்தை. ஒருநாள் விட்டு ஒருநாள் மனைவி சலேஹா அவரைக் காடியில் ஏற்றி, தானே ஓட்டி, புக்கிட் மெர்தாஜாமுக்குக் கொண்டுபோகிறார். அங்கே இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு பாதி நாள் படுத்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்குத்தான் புஷ்பவள்ளியின் குரல். ஒரு அத்தியாயம் முடிந்தால் அன்று மாலையே கூப்பிடுவார். "அக்கா, அந்த டாக்டருதான் கொலகாரன்னு சலேஹாகிட்ட பந்தயம் கட்டியிருக்கேன். சரியா தப்பான்னு மட்டும் சொல்லுங்க." புஷ்பவள்ளி சொல்ல மாட்டார். இருமுவார். அந்த இருமலுக்கு என்ன அர்த்தம் என்று யூசுபும் சலேஹாவும் இரவெல்லாம் விவாதிப்பார்களாம்.

போன தீபாவளிக்கு வாங்கிய புது மடிக்கணினி பங்குனி வெயில் ஏறியதும் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. அத்தியாயம் பாதியைத் தாண்டும்போது, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், திரை கறுத்து அணைந்துவிடும். அதுவரை வாசித்தது அத்தனையும் போய்விடும். நிறுத்தி நிறுத்திச் சேமித்துக்கொண்டால் என்ன என்றேன். "அழுதுகிட்டு இருக்கறவள பாதில நிறுத்தி, சேவ் பண்ணிட்டு, மறுபடியும் அழச் சொன்னா அழுவாளா?" கைப்பேசியிலேயே பதிவு செய்யலாமே என்றேன். அவரிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. என்னுடையதைத் தருவதாகச் சொன்னதற்கும் மறுப்பாகத் தலையை ஆட்டிவிட்டார். "போன்ல பேசுனா எதுத்தாப்ல ஆளு இருக்கணும் தம்பி. ஆளில்லாத போன்ல என்னால பேச முடியாது."

ஆகவே கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தார். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். மலாய்க்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு, சீனத்துக்கு மூன்று என்று அழுத்தச் சொன்னது. அழுத்தினார். பியானோ இசை வந்தது. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது ஒரு குரல். மறுபடியும் பியானோ. பிறகு ஒரு பையன் வந்து பெயர், அடையாள அட்டை எண், கணினியின் அடியில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருக்கும் எண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இன்னொரு பெண்ணிடம் மாற்றினான். அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டாள். கடைசியில், கணினியை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்தீர்களா என்றாள்.

"அதுவாத்தான் ஆஃப் ஆகுதும்மா. நான் வேற எதுக்கு ஆஃப் பண்ணணும்?"

பியானோ.

இந்த அழைப்புகள் நடக்கும்போது புஷ்பவள்ளியின் எரிச்சல் கணினியைவிட்டு விலகி, தொழில் சார்ந்த வேறொரு எரிச்சலாக மாறிவிடும். "பாருங்க தம்பி, ஹோல்ட்ல போடறதுக்கு முன்னாடி கேக்கணும். கேட்டா மட்டும் பத்தாது, பதில் வர்ற வரைக்கும் நிக்கணும். இவன் 'ப்ளீஸ் ஹோல்ட்'டுனு சொல்லி முடிக்கறதுக்குள்ள பியானோ வாசிக்கறான்." ஒரு பையன் அவர் பேசும்போது எதையோ மென்றுகொண்டிருந்தானாம். "முறுக்கு" என்றார் உறுதியாக. "பிஸ்கட்டுக்கு வேற சத்தம்."

பியானோ முடிவில்லாமல் போகவே, நேரில் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. "தம்பி, காடி எடுங்க" என்றார். கொம்தார் பக்கம் ஒரு வணிக வளாகத்தின் மூன்றாம் மாடியில் கம்பெனியின் பழுதுபார்க்கும் நிலையம் இருக்கிறது. நல்ல குளிர். முகப்பில் ஷாஹிரா என்ற இளம்பெண். பல் தெரியச் சிரித்து, கணினியை வாங்கி, ஒரு ரசீது கொடுத்தாள். ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தந்தாள். சோதித்தோம், கோளாறு எதுவும் இல்லை என்றாள். வீட்டுக்கு வந்து போர்வைக்குள் போனதும் அது அணைந்தது. மறுபடி கொண்டுபோனோம். கோளாறு இல்லை. வீட்டில் அணைந்தது. மூன்றாம் முறையும் அதே சிரிப்பு, அதே பதில்.

"கடைக்குப் போனா நல்லபிள்ள மாதிரி இருக்குது. வீட்டுக்கு வந்தா குணத்தக் காட்டுது. சில மாப்பிள்ளைங்க இப்படித்தான்" என்றார் புஷ்பவள்ளி, லிப்டுக்குக் காத்திருக்கையில்.

அன்று மாலை யூசுப் கூப்பிட்டார். நான் அங்கேதான் இருந்தேன். அத்தியாயம் வராமல் பல வாரங்கள் ஆகியிருந்தன. யூசுப் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் புஷ்பவள்ளிக்குச் சமாளிக்கத் தெரியும். அவர் வேறு மாதிரி பேசினார். "அங்க படுத்திருந்தா அந்த மிஷின் சத்தம் மட்டும்தான்கா கேக்குது. ஒங்க கொரலு இருந்தா நேரம் போறதே தெரியாது. பரவால்ல, மெதுவா செய்ங்க. நான் எங்கயும் போயிட மாட்டேன் லா." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். புஷ்பவள்ளியும் சிரித்தார். ரிசீவரை மெதுவாக வைத்தார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. திடீரென்று எழுந்து, பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும் பெரிய பையை எடுத்து உதறினார்.

மறுநாள் காலை பசியாறிவிட்டுக் கிளம்பினோம். அந்தப் பைக்குள் மடிக்கணினி, ஒலிவாங்கி, புத்தகம், சுடுநீர்க் குடுவை, ஒரு பொட்டலம் பிசாங் கோரெங், வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது. நிலையத்துக்குள் நுழைந்து, முகப்புக்கு நேரெதிரே சுவரில் மின்சார இணைப்பு இருக்கும் நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். கணினியைச் சிறிய மேசைமேல் வைத்துத் திறந்தார். ஷாஹிரா எழுந்து வந்தாள். அவர்கள் பேசிக்கொண்டது மலாயில். நான் தமிழில் தருகிறேன்.

"ஆண்ட்டி, இது காத்திருக்கறவங்க உக்கார்ற எடம்."

"நானும் காத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன். இது எப்ப சாவும்னு காத்துக்கிட்டிருக்கேன். நீங்க சோதிக்கும்போது சாவ மாட்டேங்குது. அதான் ஒங்க கண்ணு முன்னாலயே வேல செய்யப்போறேன்."

ஷாஹிரா மேலாளரைக் கூப்பிட உள்ளே போனாள். மேலாளர் கூட்டத்தில் இருந்தார். பிற்பகலில் கேட்டபோதும் கூட்டத்தில் இருந்தார். புஷ்பவள்ளி தொண்டையைச் செருமி வாசிக்கத் தொடங்கினார்.

கதை, மழையில் துண்டிக்கப்பட்ட ஒரு ரப்பர் தோட்டத்துப் பங்களாவில் நடக்கிறது. முதலாளி செத்துக் கிடக்கிறார். வீட்டுக்குள் டாக்டர், முதலாளி அம்மாள், சமையற்காரர், முதலாளியின் தம்பி. வெளியே போக வழியில்லை. கதவருகே உட்கார்ந்திருந்த காவலாளி லோகேஸ்வரன் முதல் பக்கத்தில் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் பக்கத்தில் கைப்பேசி பைக்குள் போனது. ஐந்தாம் பக்கத்தில் நாற்காலி நகர்ந்து எங்கள் பக்கம் வந்தது. அத்தியாயம் முடிந்ததும், "அக்கா, அந்தத் தம்பிகாரன் மேல எனக்கு சந்தேகமாவே இருக்கு" என்றார்.

புஷ்பவள்ளி இருமினார்.

அன்று முழுவதும் கணினி அணையவில்லை. மறுநாளும் இல்லை. குளிர்சாதனக் காற்றில் அது மனம் குளிர்ந்து வேலை பார்த்தது. அத்தியாயங்கள் நகர்ந்தன, கோளாறு வெளிவரவில்லை. பதிவு செய்தவற்றையும் பயன்படுத்த முடியவில்லை. முதலாளி அம்மாள் விம்மி அழும் இடத்தில், அடுத்த எண் இரண்டாம் முகப்புக்கு வரவும் என்று நிலையத்து ஒலிபெருக்கி உள்ளே புகுந்திருந்தது. ஆனால் கேட்பவர்கள் கூடியிருந்தார்கள். லோகேஸ்வரன் சாப்பாட்டு வேளையில் கதையை மலாயில் சொல்ல, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வேலை பார்க்கும் தொழில்நுட்பர் ஃபிக்ரி மீ கோரெங்கை வாய்க்கும் தட்டுக்கும் நடுவே நிறுத்திவைத்துக் கேட்டான். மொழிபெயர்ப்பில் லோகேஸ்வரன் தன் பங்குக்கு ஒரு கார் துரத்தலையும் சேர்த்துவிட்டிருந்தார் என்று எனக்குப் பிறகு தெரியவந்தது.

மூன்றாம் நாள் பை கூடுதலாக உப்பியிருந்தது. உட்கார்ந்ததும் புஷ்பவள்ளி உள்ளேயிருந்து பஞ்சுப் போர்வையை எடுத்தார். "இந்த ஒலிபெருக்கிகிட்ட மல்லுக்கட்ட முடியாது தம்பி. யூசுபுக்கு இன்னிக்கு சாயங்காலம் ஒரு அத்தியாயமாச்சும் போய்ச் சேரணும்." ஒரே வீச்சில் தன்னையும் மேசையையும் கணினியையும் மூடிக்கொண்டார். காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிரிண்டர் ஒன்றை மடியில் வைத்திருந்த சீனப் பெரியவர் மெதுவாக இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். ஷாஹிரா, ஆண்ட்டிக்கு உடம்பு சரியில்லையா என்று என்னைக் கண்ணால் கேட்டாள். லோகேஸ்வரன் குனிந்து, "அக்கா, உள்ள காத்து வருதா?" என்றார்.

"பேசாதீங்க, ரெக்கார்ட் ஆவுது" என்றது குன்று.

அந்த அத்தியாயத்தில் டாக்டர் மெழுகுவர்த்தியோடு கிடங்குக்கு இறங்குகிறார். படிகளில் ஈரக் காலடித் தடம். உள்ளே ஏதோ உருளும் சத்தம். கதவைத் தள்ளுகிறார். போர்வைக்குள்ளிருந்து வந்த குரல் கிசுகிசுப்பாகத் தாழ்ந்தது. லோகேஸ்வரன் மூச்சை அடக்கிக்கொண்டார். கதவுக்குப் பின்னால் நின்றது...

குரல் நின்றுவிட்டது.

"யாருக்கா? யாரு நின்னது?" என்றார் லோகேஸ்வரன்.

போர்வை பறந்தது. புஷ்பவள்ளியின் முகமெல்லாம் வியர்வை. தலைமுடி எல்லாத் திசையிலும் நின்றது. இரண்டு கைகளையும் உயர்த்தி, திருவிழாவில் தேர் அசைந்ததைப் பார்த்தவர்போல், "செத்துடுச்சு! செத்துடுச்சு!" என்று கத்தினார்.

லோகேஸ்வரன் உடனே அதை எல்லோருக்குமாக மலாயில் உரக்கச் சொன்னார். கண்ணாடித் தடுப்பிலிருந்து ஃபிக்ரி ஓடிவந்தான். "யார் செத்தது? டாக்டரா?"

"டாக்டர் இல்ல, லேப்டாப்" என்றார் புஷ்பவள்ளி.

ஃபிக்ரி கணினியின் அடிப்பக்கத்தைத் தொட்டான். கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான். ரொட்டி சானாய் போடும் கல்லைப்போல் கொதித்தது. அவன் கணினியைப் பார்த்தான், போர்வையைப் பார்த்தான், புஷ்பவள்ளியைப் பார்த்தான். "ஆண்ட்டி, வீட்டிலேயும் இப்படித்தான் மூடி வைப்பீங்களா?"

அந்த இடத்தில் மகிழ்ச்சி அப்படியே வடிந்துபோனது. புஷ்பவள்ளி போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றினார். எத்தனை மாதம் திட்டியிருக்கிறோம், குற்றம் நம் வீட்டுப் போர்வையிலா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் சின்னக் குரலில் சொன்னார்: "எப்படி வச்சிருக்கீங்கன்னு யாருமே என்கிட்ட கேக்கலையே."

ஷாஹிரா தலையைக் குனிந்துகொண்டாள். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

ஃபிக்ரி நல்லவன். போர்வை என்றதும் அதோடு விட்டுவிடவில்லை. போர்வைக்குள்ளேயே இருந்தாலும் இவ்வளவு சூடு வரக்கூடாதே என்று முணுமுணுத்துக்கொண்டு, எங்கள் கண் முன்னாலேயே முகப்பு மேசையில் கணினியைக் கவிழ்த்தான். திருகாணி ஒன்றின்மேல் கம்பெனியின் முத்திரைத் தாள் ஒட்டியிருந்தது. கசங்காமல், கிழியாமல், தீபாவளிக்கு வந்தபடியே பளபளவென்று இருந்தது. அதைக் கிழிக்காமல் கணினியைத் திறக்க முடியாது. அப்படியென்றால் மூன்று முறை சோதித்தோம் என்று சொன்ன யாரும் அதைத் திறந்தே பார்க்கவில்லை. ஃபிக்ரி ஷாஹிராவைப் பார்த்தான். ஷாஹிரா உள்ளே போனாள். இந்த முறை மேலாளர் கூட்டத்திலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

முத்திரையைக் கிழித்து மூடியைக் கழற்றி, கணினியை உயிர்ப்பித்தான் ஃபிக்ரி. எல்லோரும் எட்டிப் பார்த்தோம். உள்ளே கறுப்பாக, ஐம்பது காசு அளவில் ஒரு காற்றாடி இருந்தது. அது சுற்றவில்லை. அதற்குப் போக வேண்டிய ஒயரின் முனை, பொருத்த வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே சும்மா படுத்திருந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளிலிருந்தே அப்படித்தான் கிடந்திருக்கிறது. இங்கே குளிரில் தப்பித்துக்கொண்டது, வீட்டு வெக்கையிலும் போர்வைக்குள்ளும் மூச்சுத் திணறியது.

"அப்ப என் மேல தப்பில்லையா?" என்றார் புஷ்பவள்ளி.

"போர்வை மேல கொஞ்சம் இருக்கு ஆண்ட்டி" என்றான் ஃபிக்ரி. ஒயரை விரல் நுனியால் அழுத்தினான். ஒரு சின்னச் சத்தம். காற்றாடி சுற்றத் தொடங்கியது. புஷ்பவள்ளி குனிந்து கன்னத்தைப் பக்கத்தில் கொண்டுபோய் அந்தக் காற்றை வாங்கிப் பார்த்தார். பிறகு சீனப் பெரியவரையும் வந்து பார்க்கச் சொன்னார். அவரும் வந்து கன்னத்தைக் காட்டினார்.

மேலாளர் மன்னிப்புக் கேட்டார், நீளமாக, அழகான ஆங்கிலத்தில். புஷ்பவள்ளி கேட்டுக்கொண்டார். ஃபிக்ரி மட்டும் ஒரு நிபந்தனை போட்டான். போர்வை ஆண்ட்டிக்கு, கணினிக்குக் கிடையாது. ஒலிவாங்கிக்கு நீள ஒயர் ஒன்றைத் தேடிக் கொடுத்து, கணினியை வெளியே வைத்துக்கொள்ளச் சொன்னான்.

வாசலில் லோகேஸ்வரன் கதவைத் திறக்காமல் நின்றார். "கதவுக்குப் பின்னால யாருன்னு சொல்லிட்டுப் போங்க."

"சங்கத்துல கதை அனுப்பற வாட்சாப் குரூப்புல ஒங்க நம்பரையும் போடச் சொல்றேன்."

"எனக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

"காது நல்லாருக்கா? அது போதும்."

அன்று மாலையே ஒரு அத்தியாயம் யூசுபுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வாரத்துக்குள் கதையும் முடிந்தது. கொலைகாரர் டாக்டர் இல்லை. பந்தயத்தில் தோற்ற யூசுப், காடியில் போகும்போது சலேஹா வைக்கும் வானொலி நாடகத்தை ஒரு மாதத்துக்கு வாய் திறக்காமல் கேட்டாக வேண்டும். "அந்த நாடகத்துல ஒரு கொலகூட இல்லக்கா" என்று போனில் புலம்பினார். பின்னால் சலேஹா சிரிப்பது எனக்கே கேட்டது.

சில நாட்கள் கழித்து ஒரு மாலை, புஷ்பவள்ளி வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். கம்பெனியிடமிருந்து அழைப்பு வரும், சேவை எப்படி இருந்தது என்று கேட்பார்கள், ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்று ஷாஹிரா முன்பே சொல்லி அனுப்பியிருந்தாள். புஷ்பவள்ளி தயாராக இருந்தார். பியானோ, முறுக்கு, முத்திரைத் தாள், கூட்டத்திலேயே இருந்த மேலாளர் எல்லாம் வரிசையாக மனப்பாடம். சமைக்கும்போது அவர் வாய்விட்டு ஒத்திகை பார்த்தது எதிர்வீட்டில் எனக்குக் கேட்டிருக்கிறது. கொலைகாரனைக் கூண்டில் ஏற்றும் அத்தியாயத்துக்கு வைத்திருக்கும் குரல் அது.

தொலைபேசி அடித்தது. மூன்றாவது மணியில் எடுத்தார். நான் கோப்பையை வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் தயாரானேன்.

"ஆமா, புஷ்பவள்ளிதான். நீங்க? காமினியா? கம்பெனிலேர்ந்தா? தமிழ்லயே சொல்லுங்கம்மா." கேட்டார். புருவம் நெரிந்தது. தலை மெல்லச் சாய்ந்தது. "தொண்ட ரொம்பக் கட்டியிருக்கேம்மா. காலையிலேர்ந்து பேசிக்கிட்டே இருக்கியா?" மறுமுனையில் அந்தப் பெண் இருமுவது ரிசீவரைத் தாண்டி எனக்கும் கேட்டது. ஏதோ படித்து ஒப்பிக்க முயன்று, நடுவில் குரல் உடைந்து, மறுபடி இருமல். "சரி சரி, அப்புறம் கேக்கலாம். பக்கத்துல தண்ணி இருக்கா? எடுத்துக் குடிம்மா. மெதுவா குடி, அவசரமே இல்ல."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. "என்னக்கா, மனப்பாடம் பண்ணதெல்லாம் கேக்கப் போறதில்லையா?" என்றேன்.

புஷ்பவள்ளி என்னைப் பார்த்து முறைத்தார். என் சத்தம் அந்தப் பக்கம் போய்விடாதபடி ரிசீவரின் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு, காதை மட்டும் அதில் ஒட்டவைத்து, எங்கோ ஒரு பெண் தண்ணீர் குடித்து முடிக்கும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.